ஏரி நீரைச் சோதிப்பது எதற்காக? தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிகளை முன்வைத்து

ஊர்க் கழிவுநீர் கலந்து பச்சையாகிவிட்ட ஓர் ஏரியில் விடியற்காலை 6 மணிக்குக் கரைந்த ஆக்சிஜனை அளந்தால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரலாம். அதே இடத்தில் பிற்பகல் 2 மணிக்கு 12 வரலாம். இரண்டும் சரியான அளவீடுகள்தான். முதல் எண்ணைப் பார்ப்பவர் ஏரி செத்துவிட்டது என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் நீர் நன்றாகவே இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை உமிழ்கிறது. இரவில் அதே பாசியும் அடிச்சேற்றுப் பாக்டீரியாக்களும் சேர்ந்து இருந்ததையெல்லாம் குடித்துத் தீர்க்கின்றன. மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான். சோதனைக்கு ஆள் வருவதோ பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல்.

நீர் மாதிரி எடுப்பதில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. கருவி சரியாக இருக்கும், ஆய்வகம் சரியாக இருக்கும், அளந்த எண்ணும் சரியாக இருக்கும். எந்த முடிவை எடுப்பதற்காக அளக்கிறோம் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்காது. தூர் வாருவதா, கழிவுநீரைத் திருப்பிவிடுவதா, மீன் குத்தகையின் நிபந்தனைகளை மாற்றுவதா, வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பதா என்று ஒவ்வொரு முடிவுக்கும் தேவைப்படும் சோதனை வேறு, இடம் வேறு, நேரமும் வேறு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு இந்த விஷயத்தில் ஓரளவு உதவும். அது நீரை நல்லது, கெட்டது என்று பிரிக்காமல் பயன்பாட்டை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம் என்றால் ‘ஏ’ வகை. அதற்குக் கரைந்த ஆக்சிஜன் 6 மி.கி.க்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவழிக்கும் ஆக்சிஜன்) 2-க்கு மேல் போகக் கூடாது, 100 மி.லி. நீரில் கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 50-ஐத் தாண்டக் கூடாது. குளிப்பதற்கு ‘பி’: ஆக்சிஜன் 5, பி.ஓ.டி. 3, கோலிஃபார்ம் 500. முறையாகச் சுத்திகரித்துக் குடிக்க ‘சி’: ஆக்சிஜன் 4, பி.ஓ.டி. 3, கோலிஃபார்ம் 5000. மீனுக்கும் வன உயிர்களுக்கும் ‘டி’: ஆக்சிஜன் 4, தனி அமோனியா 1.2-க்குள். பாசனத்துக்கு ‘இ’: மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோசீமன்ஸுக்குள், சோடியம் ஈர்ப்பு விகிதம் (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிடச் சோடியம் எவ்வளவு என்பது) 26-க்குள், போரான் 2 மி.கி.க்குள்.

நம் மாவட்டங்களின் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. ஆகவே ‘இ’ போதும் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதில்தான் சிக்கல். ‘இ’ வகைக்கு ஆக்சிஜன் வரம்பும் இல்லை, கோலிஃபார்ம் வரம்பும் இல்லை. சாக்கடையேகூட அதில் தேறிவிடக்கூடும். அந்த ஏரியில் மீன் குத்தகை இருக்கிறது, ஆடு மாடு குடிக்கிறது, கரைக்குக் கீழே ஊரின் குடிநீர்க் கிணறு இருக்கிறது. ஆக, ஓர் ஏரிக்கு ‘டி’யும் ‘இ’யும் சேர்ந்தே பொருந்த வேண்டும், கீழே உள்ள கிணற்றுக்குக் குடிநீர் வரம்பும் பொருந்த வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. சட்டமும் இங்கே முழுதாகக் கை கொடுப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளைத் தம் வரையறைக்கு வெளியே நிறுத்துகின்றன. தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கவனம் ஆக்கிரமிப்பின் மேல்தான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. தண்ணீரின் அளவுக்குக் கணக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். தரத்துக்குக் கணக்கு வைப்பது யார் என்றால் விரல்கள் பல திசையில் நீளும்.

இரண்டு விதத் தண்ணீர்

இந்த இரு மாவட்டங்களிலும் ஏரிகளுக்கு வரும் நீர் ஒரே மாதிரியானதல்ல. நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்குப் புறத்தை ஒட்டி வந்து ஓசூருக்கு வடக்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீர் சேர்வது இந்த ஆற்றில்தான். அது கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, நெடுங்கல் அணைக்கட்டு என்று இறங்கி பாரூர் பெரிய ஏரி வரை வந்து சேர்கிறது. கெலவரப்பள்ளி மதகுகளில் மலையாய் எழும் நுரை செய்தியில் அடிக்கடி வருவது. சோப்புத் தூள், சலவைத் திரவங்களில் உள்ள நுரைப்பொருள் முழுதாகச் சிதையாமல் ஆற்றோடு வருகிறது. ஷட்டர் வழியாக நீர் விழுந்து காற்றோடு அடிபடும் இடத்தில் அது நுரையாகிறது. அணைக்குள் தேங்கி நிற்கும்போது நுரை இல்லை என்பதால் அங்கே நீர் சுத்தம் என்று ஆகிவிடாது. அதே நீர்தான் அது, அடிபடவில்லை, அவ்வளவே. பாட்டிலில் பாதி நீரை எடுத்து அரை நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் நுரை அடங்காமல் நின்றால் ஆய்வகத்தில் நுரைப்பொருள் சோதனையையும் சேர்த்துக் கேட்கலாம்.

தருமபுரிப் பக்கத்தில் நிலைமை வேறு. மானாவாரிக் காடுகளிலிருந்தும் கரடுகளிலிருந்தும் ஓடை வழியாக வரும் மழைநீரை நம்பியிருக்கும் ஏரிகள் இங்கே அதிகம். ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும். தொழிற்சாலைக் கழிவு குறைவு. பாறை தரும் தொல்லை அதிகம். கிரானைட், நைஸ் பாறைகளின் கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த நிலத்தடி நீரில் எளிதாகக் கரைகிறது. குடிநீரில் 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், மாற்று வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் ஏராளம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்) தணிப்பு என்பது இடம்பெற்றது. ஜப்பான் கடனுதவியோடு 1928.80 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டு 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

மழையில் நிரம்பிய ஏரியின் நீரில் ஃபுளோரைடு பொதுவாகக் குறைவு. பாறையோடு நெடுநாள் கிடக்காத நீர் அது. அது ஊறி இறங்கும்போது கரைக்குக் கீழே உள்ள கிணறுகளின் ஃபுளோரைடைக் கலைத்து நீர்க்கச் செய்கிறது. ஆகவே இந்தப் பகுதியில் ஏரியைச் சோதிப்பது என்றால் ஏரியோடு நிறுத்தக் கூடாது. கரைக்குக் கீழே அரைக் கிலோமீட்டருக்குள் இரண்டு கிணறு, அதற்கும் அப்பால் ஏரியின் பாதிப்பு எட்டாத ஒரு கிணறு என்று மூன்றைத் தேர்ந்து, ஏரி நிரம்புவதற்கு முன் ஒருமுறையும் நிரம்பி மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் ஃபுளோரைடு, மின்கடத்துத்திறன், நைட்ரேட் மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு இறங்கியிருந்தால் அந்த ஏரிக்குச் செலவழிக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. நைட்ரேட் 45 மி.கி.யை நோக்கி ஏறினால் ஏரிக்குள் கழிவுநீரோ உரநீரோ இறங்குகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒரு நோயைக் குறைத்து இன்னொன்றைக் கிணற்றுக்குள் அனுப்புகிறோம் என்று ஆகிவிடும்.

இவை போக உள்ளூர்க் காரணங்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் மே முதல் ஜூலை வரை ஓடும். பழம் கழுவிய நீரும் கூழ்க் கழிவும் புளிப்பும் சர்க்கரையுமாக, பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் இருக்கும். வருடத்தில் மற்ற ஒன்பது மாதமும் சோதித்துவிட்டு அந்த மூன்று மாதத்தை விட்டால் ஏரி சுத்தமாகவே தெரியும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் ரோஜாத் தோட்டங்களின் உரநீர், கிரானைட் அறுவை ஆலைகளின் வெள்ளைச் சேறு, விநாயகர் சதுர்த்திக்குப் பின் கரையும் சிலைகளின் சாயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. இதை அறிய ஆய்வகம் வேண்டாம். நீர்வரத்து ஓடையை ஏரியிலிருந்து மேல்நோக்கி நடந்தே போய், எந்த இடத்தில் எந்தக் குழாய் வந்து சேர்கிறது என்று காகிதத்தில் குறித்துவந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஓசூர் ராமநாயக்கன் ஏரி போல ஊருக்கு நடுவே வந்துவிட்ட ஏரிகளுக்கு நீர் கொண்டுவந்த ராஜகால்வாய் எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை.

எங்கே, எப்போது எடுப்பது

‘ஏரியின் நடுவில் எடு’ என்பது வழக்கமான அறிவுரை. இயற்கையான ஏரிக்கு அது சரி. நம் ஏரிகள் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு நிறுத்தியவை. ஆழமான பகுதி கரையை ஒட்டி, மதகுக்கு அருகே இருக்கும். நடுவில் இடுப்பளவு நீர் நிற்கும்போது மதகருகே இரண்டு ஆள் ஆழம் இருக்கலாம். ஆகவே குறைந்தது நான்கு இடங்கள்: நீர் வந்து சேரும் ஓடைவாய் ஒவ்வொன்றிலும் ஒன்று, ஏரியின் திறந்த நடுப்பகுதியில் ஒன்று, மதகருகே ஆழத்தில் ஒன்று, உபரிநீர் வழியும் கோடியருகே ஒன்று. மதகருகே ஆழம் 3 மீட்டரைத் தாண்டினால் மேலே ஒன்று, அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒன்று என இரண்டு எடுக்க வேண்டும். கோடையில் மேல்நீர் சூடேறி மிதக்க, அடிநீர் ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும். அந்த நிலையில் சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வரும். பாசி ஏன் அடங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சில சமயம் அடியில்தான் கிடைக்கும்.

கரையில் நின்றுகொண்டு வாளியை வீசி எடுப்பது வீண் வேலை. கரையோர நீரில் குப்பையும் கால்நடைச் சாணமும் காற்று ஒதுக்கிய பாசியும்தான் இருக்கும். பரிசலில் போய், காற்று வரும் திசையைப் பார்த்து அமர்ந்து, முழங்கை வரை கையை இறக்கி, அதாவது 30 செ.மீ. ஆழத்தில், மூடியைத் திறந்து நிரப்பி, அங்கேயே மூட வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை மூன்று முறை தவிர்க்க முடியாதவை. மே மாதம், நீர் மிகக் குறைந்து எல்லாம் செறிவாகி நிற்கும்போது. முதல் பெருமழை ஓடையில் இறங்கிய 24 மணி நேரத்துக்குள், ஓடைவாயில். பிறகு மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்து தெளிந்த டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில். இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே மழை தருவதால் செப்டம்பர், அக்டோபரில் நீர் பெருகும். அப்போது எடுத்த மாதிரி மட்டும் கையில் இருந்தால், நீர்த்துப்போன எண்களை வைத்துக்கொண்டு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆக்சிஜனும் பி.எச்.சும் மட்டும் ஒரே நாளில் இருமுறை: விடிவதற்குச் சற்று முன், பிற்பகல் 2 மணி. இந்த இரண்டின் வித்தியாசமே ஒரு சோதனை முடிவு. ஒரு நாளுக்குள் 2 மி.கி. ஏறி இறங்கினால் கவலை இல்லை. 8 அல்லது 10 ஏறி இறங்கினால் அந்த ஏரி உரம் மிகுந்து தவிக்கிறது.

பாட்டிலில் நடக்கும் தவறுகள்

ஒரே கேனில் 2 லிட்டர் எடுத்துக்கொண்டுபோய் ‘எல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஆய்வகத்தில் வைப்பது மிகப் பரவலாக நடக்கிறது. ஆய்வகமும் எல்லாம் பார்த்துச் சொல்லிவிடும். அதில் பாதி எண்கள் பொய்யாக இருக்கும்.

வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துத்திறன், ஆக்சிஜன் நான்கையும் ஏரியிலேயே அளக்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டர் இல்லையென்றால் ரசாயனம் சேர்த்து அளக்கும் விங்க்லர் முறை. 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மாங்கனஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி. இரண்டையும் நீரின் மட்டத்துக்குக் கீழே பிப்பெட் முனையை வைத்து விட்டு, மூடிப் பலமுறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்புப் படிவு விழுந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜனே இல்லை, மேற்கொண்டு கணக்குப் போட வேண்டியதில்லை. படிவு அடங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. சேர்த்தால் கரைந்து மஞ்சளாகும். இந்த நிலையில் பாட்டில் சில மணி நேரம் தாங்கும். ஆய்வகத்தில் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச் நீலம் மறையும் வரை தரம்பார்த்தால், செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். குமிழி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் போதும், செத்த நீரும் மூச்சுவிடுவதாகக் காட்டும்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் 25 டிகிரியில் நீர் 8.26 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.56. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இதில் ஒரு பத்து சதவீதத்தைக் கழிக்க வேண்டும். அங்கே 6.5 என்று வந்தால் அது குறைவில்லை, ஏறக்குறைய நிறைவு.

பி.ஓ.டி.க்குத் தனிப் பாட்டில், ஐஸில். மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மோகோல் பெட்டி இதற்குத் தாராளமாகப் போதும். இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம், பழைய முறையில் 20 டிகிரியில் 5 நாள். பாட்டிலில் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்துபோனால் அந்த முடிவு செல்லாது. குறைந்தது 2 மி.கி. செலவாகி, 1 மி.கி.யாவது மிஞ்சும்படி நீர்த்துவைக்க வேண்டும். பச்சை ஏரியில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. இருட்டில் வைத்த பாட்டிலுக்குள் பாசியே ஆக்சிஜனைக் குடிக்கும். பி.ஓ.டி. 8 என்று வந்தால் அதில் சாக்கடை எவ்வளவு, பாசி எவ்வளவு என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. வடிகட்டிய நீரிலும் வடிகட்டாததிலும் தனித்தனியே பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அமோனியா, சி.ஓ.டி. (கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) இரண்டுக்கும் கந்தக அமிலம். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி கூடாது, பிளாஸ்டிக் பாட்டில்தான். கோலிஃபார்முக்கு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) கிருமிநீக்கம் செய்த பாட்டில். மற்ற பாட்டில்களை மூன்று முறை ஏரி நீராலேயே அலசலாம், இதையும் அமிலம் விட்டு வைத்தவற்றையும் அலசக் கூடாது. ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது உத்தமம். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் அது வேறு ஏதோ நீரின் முடிவு.

முடிவுத்தாளைப் படிப்பது

தாள் வந்ததும் எண்களை வரம்போடு ஒப்பிடுவதற்கு முன், எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். சி.ஓ.டி. எப்போதும் பி.ஓ.டி.யைவிட அதிகமாக இருக்க வேண்டும். கரைந்த உப்பு, மின்கடத்துத்திறனில் ஏறத்தாழ 0.55 முதல் 0.7 மடங்குக்குள் வர வேண்டும். நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும், மில்லிஈக்விவலென்டில் (மின்னூட்டத்தைக் கணக்கில் கொண்ட அலகில்) போட்டால், பத்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் தாளைத் திருப்பி அனுப்பிக் கேட்பதில் தப்பில்லை.

தெளிவை அளக்கப் பயன்படும் செக்கி தட்டு, 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தகடு. கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தையும் மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் தெளிவு கிடைக்கும். ஏரியில் உரச்சத்தும் பாசியும் எவ்வளவு மிகுந்தவை என்று காட்ட 1977-இல் கார்ல்சன் வகுத்த வளக் குறியீடு, தெளிவு, பச்சையம், மொத்தப் பாஸ்பரஸ் மூன்றிலிருந்தும் தனித்தனியே ஓர் எண் தரும். 40-க்குக் கீழே தெளிந்த ஏரி, 50 முதல் 70 வரை வளம் மிகுந்தது, அதற்கு மேல் முற்றிய நிலை. தெளிவு 1 மீட்டர் என்றால் குறியீடு 60. அரை மீட்டர் என்றால் 70. கால் மீட்டர் என்றால் 80. செம்மண் பகுதியில் இதை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். மழைக்குப் பின் காவி நிறத்தில் நிற்கும் ஏரியில் தட்டு 25 செ.மீ.யில் மறையும், குறியீடு 80 என்று பயமுறுத்தும். அதே நீரில் பச்சையம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் என்றால் அதன்படி குறியீடு 53. இந்த இடைவெளிதான் செய்தி: கலங்கலுக்குக் காரணம் பாசியல்ல, மண் அல்லது கல் சேறு. அங்கே பாசிக்கு மருந்து தேடுவது வீண். ஓடையின் மேல்பகுதியில் மண்ணரிப்பைத் தடுப்பதும் கல் ஆலையின் சேற்றைத் தொட்டியில் நிறுத்துவதும்தான் வேலை.

அமோனியாவிலும் இதே கதை. மொத்த அமோனியா 2 மி.கி. என்று தாளில் இருக்கும். பி.எச். 7.5-இல் அதில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகவே மீனைக் கொல்லும் தனி அமோனியா. பிற்பகலில் பாசி பி.எச்.சை 9-க்கு ஏற்றிவிட்டால், 25 டிகிரியில் 36 சதவீதம் அப்படி மாறி, 0.7 மி.கி.யைத் தாண்டும். வாரியத்தின் 1.2 என்ற ‘டி’ வரம்புக்குள்தான் இது இருக்கிறது, ஆனால் மீன் அந்த வரம்பைப் படித்ததில்லை. 0.1 மி.கி.யே மீன்குஞ்சுகளுக்குத் தொல்லை. அந்த வரம்பு மிகத் தாராளமானது என்பது எங்கள் கருத்து. பாசன வரம்பிலும் சோடியம் ஈர்ப்பு விகிதம் 26 என்பது அப்படித்தான். 10-ஐத் தாண்டினாலே களிமண் கலந்த வயலில் கவனம் தேவை.

எல்லா எண்களையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கும் நீர்த்தரக் குறியீடு அறிக்கைகளில் அழகாக இருக்கும். பத்து அளவீடு நன்றாக இருந்து ஒன்று மட்டும் கொல்லும் அளவில் இருந்தால் சராசரி ‘பரவாயில்லை’ என்று சொல்லும். அந்த எண்ணை அமைச்சருக்குக் கொடுக்கலாம், பொறியாளருக்குக் கொடுக்கக் கூடாது.

செறிவை விட்டுச் சுமையைப் பார்ப்பது

எந்த வேலையை முதலில் செய்வது என்று தீர்மானிக்க, லிட்டருக்கு எத்தனை மி.கி. என்பதோடு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்பதும் வேண்டும். அதற்கு ஓடையின் நீரோட்டத்தை அளக்க வேண்டும். நேரான இடத்தில் 10 மீட்டர் குறித்துக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு நேரம் பாருங்கள். அரை மீட்டர் அகலம், 10 செ.மீ. ஆழமுள்ள ஒரு சாக்கடையில் பழம் 37 விநாடியில் கடந்தால், மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக் கணக்கிட, விநாடிக்கு 11.5 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர். தாண்டிக் குதித்துப் போய்விடக்கூடிய கால்வாய்தான். பத்தாயிரம் பேர் வீட்டுக் கழிவுநீர் அதில் வருகிறது. காலை 7 முதல் 9 வரை உச்சம் இருக்கும் என்பதால் மணிக்கு ஒருமுறை எடுத்து ஓட்டத்துக்கு ஏற்றபடி கலந்துதான் மாதிரி ஆக்க வேண்டும்.

அந்த நீரில் மொத்தப் பாஸ்பரஸ் 5 மி.கி. என்று வைத்துக்கொள்வோம், வீட்டுக் கழிவுநீரில் இது சாதாரணம். நாளொன்றுக்கு 5 கிலோ. ஏரி 40 ஹெக்டேர் பரப்பு, சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 60 கோடி லிட்டர். இதை முற்றிய நிலையின் வாசலான லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கொண்டுவர 60 கிலோ பாஸ்பரஸ் போதும். ஒரு சின்னச் சாக்கடை 12 நாளில் அதைக் கொண்டுவந்து கொட்டிவிடும். அதில் ஒரு பகுதி சேற்றில் படியும், உண்மை. படிந்தது பிற்பாடு மேலே வரும் என்பதையும் மேலே பார்த்தோம்.

இப்போது ஆகாயத்தாமரையை இந்தக் கணக்கில் வையுங்கள். அடர்ந்து படர்ந்த ஒரு ஹெக்டேரில் ஈர எடை 200 டன் என்று கொண்டால், உலர்ந்த பகுதி 5 சதவீதம், 10 டன். அதில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 0.4 சதவீதம், 40 கிலோ. பொக்லைனும் ஆட்களும் வைத்து ஒரு ஹெக்டேரை அள்ளினால், சாக்கடையின் 8 நாள் சுமையை எடுத்திருக்கிறோம். அள்ளியதைக் கரையிலேயே குவித்து அழுகவிட்டால் அதுவும் இல்லை, மழையில் வடிந்து திரும்ப உள்ளே போகும். அகற்றவே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஓடைவாயை விட்டுவிட்டு ஆகாயத்தாமரைக்கு மட்டும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம். கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் போடுவது இந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

ஓடைவாயில் செய்யக்கூடியது: முதலில் மண்ணும் சேறும் தங்க ஒரு தொட்டிக்குட்டை, அதற்குப் பின் சம்பும் கோரையும் வளர்த்த சரளைப் படுகை. சரளையின் ஆழம் 60 செ.மீ. போதும். நம் வெப்பத்தில் ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் பத்தாயிரம் பேருக்கு 1 முதல் 2 ஹெக்டேர். இந்த அளவு இடம் ஏரியின் மேல்புறத்தில் இருக்கிறதா என்பது வருவாய்த்துறை வரைபடத்தில்தான் தெரியும். பெரும்பாலும் இருக்கும், அதில் யாராவது உழுதுகொண்டிருப்பார்கள். இந்தப் படுகை பி.ஓ.டி.யையும் கோலிஃபார்மையும் நன்றாகவே குறைக்கும். பாஸ்பரஸை ஓரளவுக்குத்தான் குறைக்கும், சரளை நிறைந்துபோனால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் முழுவதும் திருப்பிவிட முடிந்த சாக்கடையைத் திருப்பிவிடுவதே முதல் தேர்வு.

தூர் வாருவது இதற்குப் பிறகுதான். வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்ல விவசாயிகளுக்கு அரசு இலவசமாக அனுமதி தருகிறது. தருமபுரியின் வானம் பார்த்த ஏரிகளில் இதைத் தயங்காமல் செய்யலாம், அடியில் உள்ள களிமண் படுகையைக் கிழித்துவிடாத ஆழத்தோடு நிறுத்திக்கொண்டால். ஓசூரிலும் தென்பெண்ணை நீர் வரும் ஏரிகளிலும் முதலில் சேற்றைச் சோதிக்க வேண்டும். உலோகங்கள் நீரில் நிற்பதில்லை, சேற்றில் ஒட்டிக்கொள்கின்றன. நீர்ச் சோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்த ஏரியின் சேற்றிலேயே குரோமியமும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்திருக்கலாம். 2 அங்குல பி.வி.சி. குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் மூடி உருவினால் சேற்றுத் தூண் வரும். மேல் 10 செ.மீ.யையும் அதற்குக் கீழ் உள்ளதையும் தனித்தனியே பையிலிட்டு அனுப்ப வேண்டும். ஓடைவாயருகே மூன்று, மதகருகே மூன்று போதும். மேல் அடுக்கில் மட்டும் உலோகம் மிகுந்திருந்தால் மாசு அண்மைக் காலத்தது. அந்த மண் தக்காளி வயலுக்குப் போகக் கூடாது. சேறு கையில் இருக்கும்போதே ஒரு சல்லடையில் அலசியும் பார்க்கலாம். சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் அடியில் ஆக்சிஜன் இல்லை. நத்தை, தட்டான் குஞ்சு என்று பலவும் இருந்தால் ஏரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

மீன் குத்தகை சோதனைத் திட்டங்களில் விட்டுப்போகும் ஒன்று. கோழிக் கழிவையும் சாணத்தையும் தீவனமாகக் கொட்டும் குத்தகைதாரர் இருக்கும் ஏரியில் ஓடைவாய்க் கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ஏரிக்குள் உள்ள எண்களோடு பொருந்தாது. ஓடைவாயில் சுமை குறைந்தும் ஏரிக்குள் அமோனியா ஏறினால் அங்கேதான் பார்க்க வேண்டும். ஏல நிபந்தனையில் வெளித்தீவனத்துக்குத் தடை என ஒரு வரி சேர்க்கச் செலவே இல்லை.

வேலை முடிந்த பிறகும் அதே நான்கு இடங்கள், அதே மூன்று காலங்கள், அதே விடியற்காலை அளவீடு. குறைந்தது இரண்டு முழு ஆண்டு தேவை, ஏனெனில் நல்ல மழை பெய்த ஓர் ஆண்டில் எதுவும் செய்யாத ஏரியும் தேறியதுபோலத் தெரியும். ஒப்பிட, வேலை எதுவும் நடக்காத பக்கத்து ஏரி ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேல் ஏரி கோடி போய்க் கீழ் ஏரி நிரம்பும் சங்கிலியாக இருந்தால் அந்தப் பக்கத்து ஏரியை அதே சங்கிலியில் தேர்ந்தெடுக்கக் கூடாது.